வலது தோளில் சூரியன்

ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்?

பட்டுத்துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தின்மேல் குனிந்தபடி பெக்ஹா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்பில் நியாயமில்லை என்பது அவளுக்கும் தெரியும். சடங்கு நடத்தும் தாவோ பூசாரி தெய்வங்களைப் பார்த்துத்தான் நிற்பார். கூட்டத்துக்குக் கிடைப்பது முதுகு மட்டும். அதனால்தான் தைவானின் தைனான் நகரில் பூசாரி அங்கி தைப்பவர்கள் ஜரிகை வேலை முழுவதையும் முதுகில் கொட்டுகிறார்கள். நடுவில் விண்ணுலக மாளிகை, சுற்றிலும் டிராகன்கள், இடது தோளில் சூரியன், வலது தோளில் சந்திரன்.

தெங்ஹுய் பூசாரிப் பட்டம் ஏற்றபோது அணிந்த அங்கி அவள் கைவேலை. அளவு கொடுக்க வந்தவன், அளவெடுத்து முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். அவள் நூல் கோப்பதை வேடிக்கை பார்ப்பான். தக்காளித் துண்டை இஞ்சிக் குழம்பில் தொட்டு அவளுக்கும் நீட்டுவான். பிறகு அவனுடைய அப்பா பூசாரிக் குடும்பத்திலேயே பெண் பார்த்து முடித்துவிட்டார்.

அங்கியில் அப்போது பாக்கியிருந்தது சூரியனும் சந்திரனும்தான். தனியாகத் தைத்து வைத்திருந்த அந்த இரண்டு வட்டங்களையும் அவள் அங்கியின் தோள்களில் பதித்தபோது, மனதுக்குள் அவன் அவள் முகம் பார்த்து எதிரே நின்றான். எதிரே நிற்பவனின் இடது தோள் அவளுக்கு வலப்பக்கம். முதுகுத் துணியிலும் அந்தப் பக்கமே சூரியனை வைத்துத் தைத்துவிட்டாள்; அணிபவருக்கு அது வலது தோள்.

கோயில் கூட்டத்தில் நின்று முதன்முதலாக அந்த முதுகைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திருத்தச் சொல்லி யாராவது வருவார்கள் என்று பயந்தாள். யாரும் வரவில்லை. பயம் போன பின்னும் வாசலைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. திருவிழா தவறாமல் போய் நின்றாள். பக்கம் மாறியதை அவர் கவனித்தாரா, இல்லையா? அது தெரியாமலே தலை நரைத்துவிட்டது.

இன்று வந்தது அவருடைய மனைவி சியோக்முய். ஒரு கையில் படையலில் வைத்த ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம், இன்னொரு கையில் அங்கி மூட்டை. மூட்டையை இறக்குவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு முழங்கால் மடங்கவில்லையாம். இனி மகன்தான் இதைப் போட்டுக்கொண்டு சடங்கு செய்யப் போகிறானாம். கோயில் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவர் திருவிழாப் போட்டோவைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டாராம்.

"சூரியன இந்தப் பக்கம் மாத்தி வெச்சுக் குடுங்கக்கா. அவருக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்தேன்."

பெக்ஹா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "இத்தனை வருஷமா யாரும் பாக்கலியா?"

"பாக்காம என்ன? நான் கல்யாணமாகி வந்த புதுசுலயே மாமனார் பாத்துட்டுக் குதிச்சாரு. இவரு மசியல. சாமிங்க எனக்கு எதிர்ல இருக்காங்க, முதுகையா பாக்கறாங்கன்னு மாமனார் வாய அடச்சுட்டாரு. மாத்தித் தைக்கக் குடுக்கலாம்னு நானும் அங்கிய மூட்டை கட்டிப் பாத்தேன். பிடுங்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாரு. பேசாம இந்த அங்கியவே கல்யாணம் பண்ணியிருக்கலாமேன்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பெக்ஹா அங்கியை விரித்தாள். ஊதுபத்திப் புகை மணம் எழுந்தது. மாளிகையின் ஜரிகை அங்கங்கே தூக்கியிருந்தது. சூரியனின் ஓரமும் ஒரு காலத்தில் பிரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் சிவப்பு நூலில் கோணல்மாணலாகத் தையல் ஓடியது.

"அது அவரு போட்ட தையல். ஊசி பிடிக்கவே தெரியாது, யாரையும் தொடவும் விடல," என்றாள் சியோக்முய்.

அந்தச் சிவப்பு நூலின்மேல் பெக்ஹாவின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சூரியன் உட்பக்கம் வரும்படி அங்கியை மடித்தாள்.

"உன் பையனுக்குப் புதுசா ஒண்ணு தைச்சுத் தரேன். அதுல எல்லாம் சரியா இருக்கும்."

"புதுசு எதுக்குக்கா? ரெண்டு வட்டத்தப் பிரிச்சு மாத்துனா முடிஞ்சுது." சியோக்முய் சட்டத்தின்மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

பெக்ஹா அதை வாங்கி, கைக்கு எட்டாத பக்கம் வைத்தாள்.

"இதப் பிரிக்க மாட்டேன் தங்கச்சி."