எட்டாவது அட்டையில் இருந்த முடி

1

பதினொரு நிமிடம் ஆகிவிட்டது. கழிவறைத் தாழ்ப்பாள் பாதிதான் விழுந்திருக்கிறது. மீதியைத் தள்ள அவளுக்குக் கை போதவில்லை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துண்டு. தலையின் இடது பாதியில் கிரீம். அது காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்குகிறது. வலது பாதியில் ஒரு பொட்டுகூட இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை இடித்துத் தள்ளினாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

வெளியே அம்மா கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

2

இருங்கள், நடுவில் ஆரம்பித்துவிட்டேன். ஒழுங்காக ஆரம்பிக்க மூன்று தடவை முயன்று பார்த்தேன்.

"ஒரு ஊரில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி" (சோறு ஊட்டும்போது சொல்கிற கதை மாதிரி இருக்கிறது.)

"முடி என்பது வெறும் முடியல்ல, அது ஒரு" (பள்ளிக் கட்டுரை. பத்துக்கு ஆறு கிடைக்கும், கையெழுத்துக்கு ஒன்று குறைப்பார்கள்.)

"நான் இப்போது என் அம்மாவின் கடைக் கழிவறையில்"

மூன்றாவதை அழித்தேன். 'நான்' என்று போட்டதும் போனில் எழுத்தெல்லாம் தாறுமாறாக விழுந்தது. அதனால் 'அவள்'. அவளுக்குப் பதினாறு வயது, என்னைவிட ஒரு வயது கூட. என்னைவிடக் கொஞ்சம் தைரியசாலி. எனக்கு இப்போது அப்படி ஒருத்தி துணைக்கு வேண்டும். கடை மூடி வெகுநேரமாகிவிட்டது. நீங்களும் கூட இருந்தால் நல்லது.

3

அவளுடைய அம்மாவுக்குப் பெண்களுக்கான அழகு நிலையம் இருக்கிறது. இரண்டு நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, பின்னால் ஒரு கழிவறை. புருவம், பேஷியல் எல்லாம் செய்வாள் என்றாலும் அம்மாவுக்குப் பேர் வாங்கித் தந்தது முடியை நேராக்குகிற வேலைதான். எப்பேர்ப்பட்ட சுருட்டையையும் அம்மா வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று வெகுதூரத்திலிருந்து வருவார்கள்.

அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. கிரீம் போடுவதற்கு முன், காதுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றையை வெட்டுவாள். அந்தக் கற்றைக்கு மட்டும் கிரீம் தடவி, எத்தனை நிமிடத்தில் நேராகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பாள். அலசி, காயவைத்து, ஒரு வெள்ளை அட்டையில் டேப் போட்டு ஒட்டிப் பக்கத்தில் நிமிடத்தை எழுதுவாள். அதன் பிறகுதான் முழுத் தலைக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பெட்டியில் அட்டை உண்டு.

அவளுக்கு ஏழு அட்டைகள். முதல் அட்டை ஒன்பது வயதில். அப்போது அவளுக்குப் பள்ளியில் 'பிரஷ்' என்று பட்டப்பெயர் இருந்தது. முதல் தடவை நேராக்கிய மறுநாள் அந்தப் பெயர் போய்விட்டது, புதிதாக எதுவும் வரவில்லை. வேர் வளர்ந்து சுருள ஆரம்பித்ததும் அடுத்த அட்டை. அப்படியே ஐந்து வருடம் ஓடிற்று.

(இதைப் படிக்கிற உங்களுக்கு அம்மா மேல் கோபம் வந்திருக்கும். அம்மாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஊரார் தலைக்கெல்லாம் கையுறை போடுகிற அம்மா, மகள் தலைக்கு மட்டும் வெறுங்கையால் தடவுவாள். கையுறையில் முடி சிக்கி இழுத்தால் வலிக்குமாம். ஒரு வாரத்துக்கு அம்மாவின் விரல் நுனித் தோல் உரியும். இப்படிப்பட்டவளை எந்தப் பெட்டியில் போடுவது?)

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேர் சுருள ஆரம்பித்தால் அம்மா மகளின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். திட்டமாட்டாள், சாப்பாடு போடுவாள், காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். எல்லாம் பின்னாலிருந்துதான். பேசுவதென்றால் சுவரோடு பேசுவாள். முடி நேரான அன்றைக்கு, "வந்துட்டியா" என்று ஏதோ வெளியூரிலிருந்து வந்தவளை வரவேற்கிற மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள்.

4

ஏழாவது அட்டைக்குப் பிறகு அவள் உட்காரவில்லை. பரீட்சை என்றாள், தலைவலி என்றாள், ஒருமுறை கிரீம் நாற்றத்துக்கே வாந்தி வந்ததாக நடித்தாள். பதினான்கு மாதம். வகுப்பில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் வேரில் விரலை விட்டு ஒரு சுருளை இழுத்து விடுவாள். அது துள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விடும். தன் தலையில் தனக்குத் தெரியாமலே இப்படி ஒன்று குடியிருந்திருக்கிறதே என்று சிரிப்பாக வரும். அது தன்னுடையது என்று முடிவு செய்தாள். பதினான்கு மாதம் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விலையைக் கொடுத்துவிடலாம் என்றும் முடிவு செய்தாள்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போனாள். கீழே தொங்குகிற பழைய நேர்முடியை மட்டும் வெட்டிவிட வேண்டும், சுருள் அப்படியே இருக்கட்டும் என்று கேட்டாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, "சரி, உக்காரு. மொதல்ல அலசிடுவோம்" என்றாள்.

தொட்டியில் தலையைச் சாய்த்தாள். அம்மா கண்ணுக்கு மேலே ஈரத்துண்டைப் போட்டாள். தண்ணீர் இதமாக இருந்தது. பிறகு அந்த நாற்றம் வந்தது, அழுகிய முட்டை மாதிரி. இடது காதுக்கு மேலே சில்லென்று ஏதோ படர்ந்தது.

(இந்த இடத்தில் அவள் கத்தியிருக்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கத்தினாள் என்று ஒரு வரி எழுதி வெட்டினேன். கத்தவில்லை. ஏழு தடவை பழகிய உடம்பு எட்டாவது தடவையும் தானாகவே அசையாமல் கிடந்தது. நான் கொடுத்த தைரியம் அவளுக்கு அங்கே உதவவில்லை.)

இடது பாதி முடிந்தபோது வாசலில் யாரோ அழைத்தார்கள். அம்மா போனாள். போகுமுன், நிமிடம் பார்ப்பதற்காகப் பெட்டியை எடுத்து அவள் மடிக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தாள். அவள் துண்டை விலக்கினாள்.

ஏழு அட்டைகளிலும் முடி சுருண்டிருந்தது.

5

ஈரக்காற்று, டேப்பின் பசை என்று நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். அதே பெட்டியில் இருந்த மற்றவர்களின் அட்டைகளில் முடி கோடு கிழித்தது போல நேராகத்தான் கிடந்தது. அவளுடையது மட்டும் டேப்பைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, சின்னச் சின்ன வளையங்களாக நின்றது.

கடையில் தலை அலசிவிடுகிற அக்கா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நேராக்கிய முடி திரும்பச் சுருளுமா என்று அவளிடம் கேட்டாள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தலையில இருக்கறதே சுருளாதுடி. வெட்டுனது செத்த முடி, அது எங்க சுருளப் போகுது" என்றாள்.

அப்போதுதான் ஏழுக்கும் அடியில் இன்னொன்று தெரிந்தது. பழுப்பேறிய அட்டை. பெயரில்லை. அம்மாவின் கையெழுத்துதான், ஆனால் இளமையாக, அழுத்தி எழுதியது: இருபது நிமிடம். நன்றாக வந்தது. அந்தக் கற்றையும் சுருண்டிருந்தது. அவளுடையதைவிட இறுக்கமாக.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதல் பகுதியில் நீங்கள் பார்த்தது இந்த இடம்தான்.

6

அவள் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அக்கா கதவோரம் வந்து நின்றாள். இன்னும் ஊற்று, பிசுபிசுப்பு போகிறவரை ஊற்று என்றாள். பிறகு அம்மா நின்ற வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அப்படியே உன் முடி. உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

மீதியை அக்கா விட்டு விட்டுச் சொன்னாள். அம்மாவும் அக்காவும் ஒரே இடத்தில் தொழில் கற்றவர்கள். கற்ற வேலையை அம்மா முதன்முதலில் செய்து பார்த்தது தங்கை தலையில். வெட்டிய கற்றையில் சோதித்தாள், அழகாக வந்தது. தோலில் சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. முடியைக் கேட்டார்கள், ஆளைக் கேட்கவில்லை. தங்கை ஒரே ஒரு தடவை எரிகிறது என்றாளாம். கொஞ்சம் பொறு, அழகா வரும் என்றாளாம் அம்மா. இருபது நிமிடம் முடிகிறவரை தங்கை மறுபடி வாயே திறக்கவில்லை. அன்று இரவு முகம் வீங்கியது, தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்.

"முடி மட்டும் பட்டு மாதிரி நேரா இருந்துச்சு, கடைசி வரைக்கும்" என்றாள் அக்கா. பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செருப்புச் சத்தம் தேய்ந்து, ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம் கேட்டது.

அவள் தலையைத் துவட்டினாள். வலது பக்கம் சுருள் சுருளாக நின்றது. இடது பக்கம் நனைந்த துணி மாதிரி படிந்து கிடந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால், அம்மா எப்போதும் வெட்டுகிற அந்த இடத்தில், ஒரே ஒரு சுருள் விரலைச் சுற்றிக்கொண்டது. ரொம்ப இறுக்கமாக.

பெட்டியைப் பார்த்தாள். எட்டாவதான அந்தப் பழுப்பு அட்டையில் டேப் இருந்தது, எழுத்து இருந்தது. முடி இல்லை.

(ஓடும்போது விழுந்திருக்கும். தரையில் தேடினேன். தேடினாள் என்று எழுத வேண்டும்.)

7

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். முதுகைக் கதவில் சாய்த்திருக்கிறாள் போல, பலகை அவள் மூச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சம் அசைகிறது. சற்று முன்னால் பேசினாள்.

"சின்னவளே. எரியுதா?"

கடையில் நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அம்மா இதைக் கேட்பாள். மகளிடம் இந்த ஏழு தடவையில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டில் அவள் ஒரே பிள்ளை. அந்த வீட்டில் சின்னவள் என்று யாருமில்லை.

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்று. "நான் உன் மகம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கிறாள். அம்மா திரும்பி, அந்தப் பாதிச் சுருள் முகத்தை (இல்லை. திரும்புவாளா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது.)

இரண்டு. "எரியலக்கா" என்கிறாள். அவ்வளவுதான். அம்மா அழுவாள், பிறகு தூங்குவாள், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அதற்கப்புறம் கிரீம் இல்லை, அட்டை இல்லை. காலையில் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் கேட்டது கிடைத்துவிடும், சுருள் தலையிலேயே இருக்கும். ஆனால் அம்மா யாரைப் பார்த்துச் சிரிப்பாள்?

மூன்றாவது முடிவு

அம்மா மறுபடி கேட்கிறாள். அதே இரண்டு வார்த்தை. குரல் அம்மாவுடையது மாதிரியே இல்லை, என் வயதுப் பெண்ணின் குரல் மாதிரி இருக்கிறது.

எரிகிறது. உண்மையாகவே எரிகிறது. காதோரம், கழுத்து, தோள் வரைக்கும். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. 'அவள்' இதற்கு மேல் வரமாட்டேன் என்கிறாள், இந்த வரியை நான்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

இப்போது "எரியுது" என்று சொன்னால், சொல்வது யார்?