சகலைக்குத் தைலம்

கொல்லைப்புற நீச்சல்குளத்தின்மேல் விரித்திருந்த நீல மூடியைப் பார்த்ததுமே இளைய சகலைக்குக் குமட்டியது. குளிர்கால மழையெல்லாம் அதன் நடுவில் தேங்கியிருந்தது. அதில் விழுந்த இலைகள் ஊறிக் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. ஓரத்தில் ஒரு தவளை வயிறு உப்பி மல்லாந்திருந்தது.

அக்காளையும் தங்கையையும் கட்டிய சகலைகள் இருவரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம். போன கோடையின் கடைசியில் மூத்தவருக்கு ஒரு விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகியும் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெயில் திரும்பியதும் தினமும் தண்ணீரில் நின்று பழகினால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வெயிலுக்காகத்தான் மூத்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை குளத்தைக் கவனிக்கும் பொறுப்பு இளையவருடையது. வாரம் ஒருமுறை மூடிமேல் தேங்கும் தண்ணீரை இறைத்து, குளத்தின் ஓரத்தில் குப்பையைத் தடுக்கும் கூடையைக் காலி செய்து, மோட்டாரை ஓட்டி மருந்து போட வேண்டும். முதல் வாரமே கூடைக்குள் விட்ட விரலில் வழவழவென்று என்னவோ சுற்றிக்கொண்டது. கையை உதறிக்கொண்டு வந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூத்தவர் கேட்டால் மட்டும், "ஆச்சு அண்ணே" என்று சொல்லிவைப்பார்.

இன்று வெயில் சுள்ளென்று அடித்தது. இனித் தப்ப முடியாது. சீக்கிரம் தொலைந்தால் போதும் என்று, மேலே நின்ற தண்ணீரை இறைக்காமலே மூடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தவளையோடு அத்தனை கூழும் குளத்துக்குள் சரிந்தது. உள்ளே ஏற்கெனவே பாசி பிடித்துக் கிடந்த பச்சைத் தண்ணீர் எகிறி அவர் உதட்டில் பட்டது. அழுகல் நாற்றம் முகத்தில் அறைந்தது. கூடையின் மூடியைத் திறந்தார். ரோமம் கழன்ற எலி ஒன்று அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

வேலியோரம் ஓடிப்போய்க் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினார்.

நிமிர்ந்தபோது பின்வாசலில் சக்கர நாற்காலி நின்றது.

"என்ன சகலை, சமையல் பலமா இருக்கு? வாசனை உள்ள வரைக்கும் வருது."

இளையவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, நான் வாராவாரம் செஞ்சேன்னு சொன்னது..."

"தெரியும். மோட்டார் ஓடினா என் கட்டில் ஆடும். இந்தக் குளிர் பூரா அது ஆடவே இல்ல."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

மூத்தவர் தன் மூக்கடியைத் தொட்டுக் காட்டினார்.

"தினம் காலையில என் பாத்திரத்தை எடுக்க வர்றப்போ உன் மூக்குக்குக் கீழ தைலம் பளபளக்கும். தலைவலின்னு சொல்லுவ. தினம் தினமா ஒருத்தனுக்குத் தலைவலி வரும்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள், மலப்பாத்திரத்தைப் பெண்களிடம் கொடுக்க மூத்தவர் கூசியதைப் பார்த்துவிட்டு, "இங்க குடுங்க" என்று தானாக வாங்கிக்கொண்டவர் இளையவர். அன்றிலிருந்து ஒருநாளும் தவறவில்லை. ஆண்டவன் எல்லோர் மூக்கிலும் அருவருப்பை வைத்திருக்கிறான். அது அடுத்தவருக்குத் தெரியாமல் மறைக்கும் மனசைச் சிலருக்குக் கூடவே கொடுத்துவிடுகிறான்.

"எறும்பு செத்துக் கெடந்தாலே உனக்கு வாந்தி வரும். அப்படிப்பட்ட ஆளுகிட்ட குளத்தையும் பாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"உங்க நடை போச்சே அண்ணே."

"போகல, தள்ளிப்போகுது. கண்டதையும் எடுத்துட்டு, தண்ணிய வெளியேத்தித் தேச்சு, புதுசா ரொப்பினா ஆச்சு. அந்த வலையை எடு. கால்தான் மக்கர் பண்ணுது, கை இல்ல."

இளையவர் நாற்காலியைக் குளத்தின் ஓரமாகத் தள்ளி, சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, நீளக் கம்பு வலையை நீட்டினார். மூத்தவர் துழாவித் தூக்கிய முதல் வலையிலேயே அந்தத் தவளை வந்தது. சொட்டிய பச்சைத் தண்ணீர் அவர் மடியில் வழிந்தது. அவர் முகம் கோணிப்போயிற்று.

"சீ, கருமம். சகலை, அந்தத் தைலம் இருக்கா?"

இளையவர் வலது கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். முதலில் மூத்தவரின் மூக்கடியில் தாராளமாகத் தடவினார், பிறகு தனக்கு.

"கண்ணு எரியுதுடா."

"பழகிடும் அண்ணே" என்றபடி இளையவர் முழங்கைவரை கூடைக்குள் கையை விட்டார்.