குளிர்த்தி வைக்காத வருசம்

“கண் மடல்லயும் வந்திற்று!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தியபோது நான் படலையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். காலில் துறைச் சேறு இன்னும் காயவில்லை. சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோன காசு அப்படியே நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. எழுபதாயிரம். காலையில் கொண்டுபோனதை மாலையில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

அம்மா வேப்பங்குழையோடு வாசலுக்கு வந்தாள்.

“குடுத்திட்டியா?”

“இல்ல.”

“இல்லயா? ஏங்கா?”

“அவர் வாங்கல்ல.”

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். குழையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள். உள்ளே பாயில் தம்பி தண்ணீர் கேட்டான். பதின்மூன்று வயது. முகம், முதுகு, உள்ளங்கை எல்லாம் கொப்புளம். டிஸ்பென்சரி மிஸ்ஸி அதைப் பொக்குளிப்பான் என்றாள். அம்மா அந்தச் சொல்லைக் காதில் விழுத்தவில்லை. அவளுக்கு அது அம்மாள். அம்மாள் வந்தால் சும்மா வரமாட்டாள், கேட்டுத்தான் வருவாள்.

இப்போது வீடு அடங்கிவிட்டது. எனக்கு மட்டும் நித்திரை இல்லை. விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லவேண்டும், சொல்ல ஒருவரும் இல்லை.

காசு சாலிஹ் காக்காவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். அவருக்குக் காத்தான்குடியில் புடவைக்கடை. முன்பெல்லாம் சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தோணியேறி எங்கள் ஊருக்கு வருவாராம். அம்மாவின் கூறைச் சீலைகூட அவரிடம் கடனுக்கு எடுத்ததுதான். பிரச்சினை தொடங்கியபிறகு அவர் இந்தப் பக்கம் வரவேயில்லை. நாங்கள் இருப்பது ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில். இங்கே ஆளுவது இயக்கம். மண்முனைத் துறையைக் கடந்தால் ஆமி. நாங்கள்தான் அடையாள அட்டையைக் காட்டி அங்கே போகவேண்டும்.

அண்ணனைக் கட்டாருக்கு அனுப்ப அம்மா அவரிடம்தான் போனாள். இங்கே வைத்திருந்தால் அண்ணனை யாராவது ஒரு பகுதி கொண்டுபோயிருக்கும். சாலிஹ் காக்கா காசை எண்ணிக் கையில் வைத்தார். வட்டி என்ற சொல்லே எடுக்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தபிறகு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று பேசுவதற்குப் போனவருசம் நானும் அம்மாவும் போனோம். அங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

கடன் வாங்கினவள் கடதாசி கேட்டாள். கொடுத்தவர் வேண்டாம் என்றார்.

“காக்கா, முத்திரை ஒட்டி எழுதுவம். மாசா மாசம் கட்டுறன்.”

அவர் துணி அளக்கும் கோலை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “புஸ்பம், கோட்டில வழக்கு வெண்ட கடதாசி என்ட அலுமாரிக்குள்ள மூணு இரிக்கு. மூணு பேரும் ஆத்துக்கு அங்கால. கடனுக்குச் சாமான் எடுக்கிற எந்தப் பிஸ்கால் தோணியேறி வந்து உன்ட ஆட்டைப் புடிச்சித் தருவான்? கோட்டுக்கு நீந்தத் தெரியா.”

அம்மா குரலைத் தணித்து இயக்கத்தின் நீதிமன்றத்தை ஞாபகப்படுத்தினாள். “அங்காலயும் ஒரு கோட்டு இருக்குத்தானே.”

“அதுக்கு நான் வரயா? வந்தா முழுசாத் திரும்பி வருவனா? சும்மா இரி.” பிறகு சொன்னார்: “உங்கட கண்ணகை அம்மன்ட வாசல்ல சத்தியம் பண்ணு. அவ அங்காலயும் இரிக்கா, இங்காலயும் இரிக்கா. அவக்குத் துறை தாண்டப் பாசும் தேவல்ல.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “காக்கா, நீங்க அம்மனை நம்புறீங்களா?”

“நான் ஏன் புள்ள நம்போணும்? எனக்கு அல்லாஹ் போதும். ஆனா உன்ட அம்மா அவக்குப் பயம். நான் அந்தப் பயத்தை நம்புறன்.”

தோணியில் வரும்போது அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். “சத்தியம்தானே அம்மா, கடதாசியை விட லேசு” என்றேன்.

“லேசா? கடதாசியெண்டா பிந்தினாத் திருப்பி எழுதலாம். அம்மனைத் திருப்பி எழுத ஏலுமா?”

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. கடதாசி கட்டுவது கையை. சத்தியம் எதைக் கட்டுகிறது? கண்ணுக்குத் தெரியாத கயிறு என்றால் அது அறுந்ததை யார் பார்ப்பது?

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் கதவு வருசத்தில் ஒருமுறைதான் திறக்கும். வைகாசியில் திறந்து, சடங்கு செய்து, குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர வைத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள். நாங்கள் போனது ஆடியில். கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் கல்லில் அம்மா கற்பூரம் கொளுத்தினாள்.

“தாயே, உன்ட வாசல்ல நிண்டு சொல்லுறன். வாற குளிர்த்தி பாடி முடியிறதுக்குள்ள சாலிஹ் காக்காட காசைக் குடுத்திருவன்.”

சொல்லிவிட்டு உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த கிழமை கடைக்குப் போய், ‘நடந்தது’ என்று சொன்னதும் நான்தான். சாலிஹ் காக்கா சிவப்பு றிபன் ஒரு முழம் வெட்டித் தந்தார்.

“இது சாட்சிக்கூலி. நீதான் சாட்சி, மறந்திராத.”

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன்.

இந்த வைகாசியில் குளிர்த்தி நடக்கவில்லை. கதவு திறப்பதற்கு முன்னமே ஷெல் விழத் தொடங்கிவிட்டது. ஊரே எழும்பி இன்னும் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோம். திரும்பி வந்தபோது வைகாசி முடிந்திருந்தது. பூசை செய்யும் கப்புகனார் கதவைத் தொடவேயில்லை. காலம் தப்பித் திறக்கக்கூடாதாம்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் காசு அனுப்பினான். கடன் அளவுக்குச் சரியாக. அம்மா அதை எடுத்து வந்து இரண்டு தடவை எண்ணினாள். பிறகு சொன்னாள்: “குளிர்த்தி வைக்கல்ல. அப்ப தவணை வரல்ல.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இயக்கத்துப் பெடியன்கள் வீடு வீடாக வருகிறார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை. கொழும்பில் ஒரு விடுதியில் தம்பிக்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரு வருசக் காசை முன்னுக்குக் கட்டினால் சேர்ப்பார்கள். கட்ட இந்தக் காசுதான் இருந்தது. ஆம்பிளைப் பிள்ளைகளின் விடுதி. ஒரு இடம்தான்.

தம்பியின் உடுப்பெல்லாம் பையில் அடுக்கியாயிற்று. அன்று இரவுதான் அவனுக்குக் காய்ச்சல் பிடித்தது. விடிய முதல் கொப்புளம்.

“அம்மாள் கேட்டு வந்திற்றா” என்று அம்மா தலையில் கையை வைத்தாள்.

“அம்மா, பக்கத்து வீட்டுக் கந்தப்போடி அண்ணன்ட பிள்ளையளுக்கும் வந்திருக்கு. அவங்க ஆருக்கும் கடனில்லயே.”

“கந்தப்போடிக்கு என்ன கடன் இருக்கெண்டு உனக்குத் தெரியுமா?”

தம்பியை விட்டு அவளால் அசைய முடியாது. அதனால் இன்று காலையில் காசை என்னிடம் தந்து அனுப்பினாள். போகும் வழியில் கப்புகனார் ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு நின்றார். கேட்டுப் பார்த்தேன்.

“ஐயா, கதவு திறக்காத வருசத்தில அம்மன் வருவாவா, வரமாட்டாவா?”

அவர் கத்தியை நிறுத்தினார். “நாமதான் கதவைத் திறக்கல்ல மகள். அவ உள்ள இருந்தாவா வெளிய நிண்டாவா எண்டு எனக்கென்ன தெரியும்?”

கடையில் இரண்டு பேர் சாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காசை மேசைக்குக் கீழாக நீட்டினேன். சாலிஹ் காக்கா முகம் மலர்ந்துதான் கையை நீட்டினார்.

“குளிர்த்தி நல்லா நடந்திச்சா புள்ள?”

பொய் சொல்லியிருக்கலாம். “நடக்கல்ல காக்கா. ஷெல்லடி” என்றேன்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. “நடக்கல்லியா? அப்ப தவணை?”

“அம்மா தரச் சொன்னா.”

“தவணை வராத காசை நான் வாங்கினா, உங்கட அம்மனைக் காட்டி நெருக்கி வாங்கினவன் எண்டு கதை வரும். இந்தக் காலத்தில ஒரு கதை போதும் புள்ள, கடையோட எரிய.” நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். “எனக்குக் காசு தேவல்லயெண்டு நினைக்காத. மகள்ட ஊடு கூரையில்லாம நிக்கிது. மாப்பிள்ள பகுதி நாள் கேட்டுட்டு இரிக்காங்க.”

“அப்ப வாங்குங்களன்.”

“நான் சொல்ல ஏலா. நானும் உன்ட அம்மாவும் காசுக்காரர். எங்கட வாய் எங்கட பக்கம்தான் இழுக்கும். அண்டைக்கு நிண்ட சாட்சி நீ. நீ சொல்லு. தவணை வந்திற்றா, வரல்லியா? வந்திற்றெண்டா இப்பவே எண்ணி எடுக்கன். வரல்லயெண்டா சத்தியத்தை விடுவம், உன்ட அம்மா கேட்ட கடதாசியையே எழுதுவம். திகதி போட்டு, மாசம் மூவாயிரம். கடதாசிக்குக் குளிர்த்தியும் இல்ல, பெருநாளும் இல்ல. கோட்டு நீந்தாட்டியும் பரவால்ல.”

தம்பியைப் பற்றி, கொழும்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் வந்தது. சொன்னால் அவரே ஒரு வழி சொல்லியிருப்பார். ஆனால் சாரம் பார்த்தவர்களில் ஒருவன் என் காலில் இருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். படுவான்கரையில் பிள்ளைகளை யார் கொண்டுபோகிறார்கள் என்பதைத் துறைக்கு இந்தப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடாது. அந்தப் பக்கத்திலும் சொல்லக்கூடாது. நான் காசைத் திரும்பவும் சட்டைக்குள் செருகினேன்.

“ஒண்டும் அவசரமில்ல. நாளைக்கு வந்து சொல்லு. நீ சொல்லுறதுக்கு நான் மறுத்துச் சொல்ல மாட்டன்.”

தோணியில் இருந்து கணக்குப் பார்த்தேன். வந்துவிட்டது என்று சொன்னால் காசு போய்விடும், அம்மனுக்குச் சொன்ன சொல் நிற்கும், தம்பிக்குச் சுகம் வரலாம். சுகம் வந்தபிறகு பெடியன்கள் வருவார்கள். வரவில்லை என்று சொன்னால் கடதாசி, மாசம் மூவாயிரம், தம்பி கொழும்புக்குப் போவான், அவன் கண் தப்பினால். அந்த இடத்தில் இன்னொன்றும் மனதில் பட்டது. அதுவரை ஏன் படவில்லை என்று தெரியவில்லை. அண்ணன் கட்டாரில். தம்பி கொழும்பில். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வந்து நின்றால் மிச்சம் நான்.

அப்போதே ‘வந்திற்று’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது அம்மனுக்குப் பயந்து வந்ததா, எனக்காகப் பயந்து வந்ததா?

வரும்போது கோயிலடியால் வந்தேன். பூட்டு துருவேறியிருந்தது. கல்லில் போனவருசக் கற்பூரக் கரி இன்னும் இருந்தது. அம்மாவின் உள்ளங்கை அடித்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கல் வெயிலில் சுட்டது, அவ்வளவுதான்.

சற்று முன்பு இருட்டுக்குள் அம்மா மெல்லக் கூப்பிட்டாள். “பூரணி, நாளைக்கு வந்திற்றெண்டு சொல்லு.” கொஞ்சநேரம் கழித்து, “இல்ல, வேணாம். வரல்லயெண்டு சொல்லு.” அதற்கும் பிறகு, அழுதுகொண்டு, “எனக்குத் தெரியா மகள். நீதானே நிண்டாய். நீ சொல்லு.”

தம்பி இப்போதுதான் அனுங்கிக்கொண்டு புரண்டு படுத்தான். விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடது கண் முழுவதும் மூடிக்கொண்டுவிட்டது. கதவு திறக்கவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை, பாட்டுப் பாடவில்லை. அப்படியிருக்க, இந்த வருசம் அவள் வந்தாளா, வரவில்லையா?