எந்த எம். மக்கினன்?

செவ்வாய்க்கிழமை காலை மொராக் பள்ளிப் பேருந்தை மீன்பண்ணை வாசலில் நிறுத்திவிட்டு, ஹாரனை விடாமல் அடித்தாள். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. மர்சலி ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்ததும் ஜன்னல் வழியாகக் கைபேசியை நீட்டினாள்.

"படி. படிச்சிட்டுக் கத்தாத. வண்டியில புள்ளைங்க இருக்கு."

ஆட்டச் சங்க அலுவலகம் அணிக்கு அனுப்பியிருந்த செய்தியை மர்சலி கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். சென்ற சனிக்கிழமை அரையிறுதி முடிந்ததும் நடுவரை இழிவாகப் பேசிய குற்றத்துக்காக, ஆர்ட்னாகல் பெண்கள் அணியின் எம். மக்கினனுக்கு ஒரு ஆட்டம் தடை. ஆட்சேபம் இருந்தால் வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் தெரிவிக்கவும். கீழே பதிவு எண் போட்டிருந்தது. அது மர்சலியின் எண்.

"திட்டுனது நான் இல்லையே," என்றாள்.

"எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். அந்த ஆபீஸ்காரனுக்குத்தான் தெரியல."

ஒரு ஆட்டம் என்றால் இறுதி ஆட்டம். இந்தச் சனிக்கிழமை. இருபத்திரண்டு வருடமாக மர்சலி ஆர்ட்னாகல் ஷின்டி அணியின் கோல் வாசலில் நிற்கிறாள். வளைந்த மட்டையால் அடித்த பந்து கல் மாதிரி முகத்துக்கு நேரே வரும் ஆட்டம் அது. இரண்டு பல், ஒரு மூக்கெலும்பு, இடது கைச் சுண்டுவிரல் என்று அந்த வாசலுக்கு அவள் கொடுத்தது கொஞ்சமில்லை. இத்தனை வருடத்தில் அணி ஒரு முறைகூட இறுதிக்குப் போனதில்லை. இப்போதுதான் போகிறது. அக்டோபரில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு நடக்கலாம், ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்தச் சனிக்கிழமை விட்டால் அவளுக்கு வேறு சனிக்கிழமை கிடையாது.

தப்பு எப்படி நடந்தது என்று யோசிக்கவே வேண்டாம். ஆர்ட்னாகலில் இருநூறு பேர் இருந்தால் நூற்றைம்பது பேர் மக்கினன். கடை மக்கினன் கடை, பாலம் மக்கினன் பாலம், படகு கட்டும் இடம் மக்கினன் துறை. நூறு வருடத்துக்கு முன் எந்த மக்கினன் சீமாட்டியோ கொடுத்த வெள்ளிப் பாத்திரம் என்பதால், இப்போது ஆடப்போகும் கோப்பைக்கும் மக்கினன் கோப்பை என்றுதான் பெயர். ஊருக்குள் இதனால் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கிறது. பஸ் மொராக், மேல்வீட்டு மைரி, உப்பு மர்சலி, உப்பு முரியல். மர்சலியின் பாட்டனுக்கு அப்பன் உப்பு விற்றவன். அன்றிலிருந்து அந்தக் குடும்பமே உப்பு. அணியில் எம் என்று தொடங்கும் மக்கினன்கள் இந்த நாலு பேர்தான், நாலு பேரையும் ஊரில் குருடன்கூடப் பிரித்துச் சொல்வான்.

ஆனால் நடுவர் வெளியூர். அன்றைக்கு மழை வேறு கொட்டியது. எல்லார் முகத்திலும் கம்பி போட்ட தலைக்கவசம். சட்டையில் ஒட்டியிருந்த எண்கள் போன வருடமே உரிந்து விழுந்தாயிற்று. ஆட்டத்தை ஜெயித்தும்கூட, தன் மூன்றாவது கோலைச் செல்லாது என்று சொன்னதற்காக முரியல் அவரை வழிமறித்து, "உன் கண்ணுல என்ன, ஆட்டுப் புழுக்கையா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் அச்சில் ஏறாது. ஜெயித்த பிறகும் சண்டை பிடிக்கிறவளை என்ன செய்ய? மர்சலிதான் ஓடிப்போய் அவளை இழுத்து வந்தாள். இழுத்து வந்ததோடு நின்றிருக்கலாம். மனசு கேட்காமல், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நடுவரிடம் திரும்பிப் போனாள். "நான் மர்சலி மக்கினன். எங்க குடும்பத்துல இப்படிப் பேசிப் பழக்கம் இல்லீங்க. மன்னிச்சிடுங்க," என்றாள். வினை அங்கேதான் பிடித்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் குரலில் மரியாதை வழிந்தது, வேறொன்றும் இல்லை.

"நீங்க எந்த எம். மக்கினன்ங்க?"

"உப்பு மர்சலி."

"பட்டப்பேர் போட எங்க படிவத்துல இடம் இல்லீங்க."

"அப்ப எதை வச்சு என் நம்பரைப் போட்டீங்க?"

"நடுவரைக் கேட்டுத்தாங்க போட்டோம். அவருக்கு உங்க முகம்தான் ஞாபகம் இருக்காம். நீங்களே வந்து பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டீங்களாமே."

"திட்டுனவ கேக்கல, அதனால நான் கேட்டேன்."

"தப்பு செய்யாதவங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே மர்சலியே பழியை வலியப் போய் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சரி, நான் இல்லைன்னு எழுதித் தர்றேன். போதுமா?"

"போதாதுங்க. யாராவது ஒரு எம். மக்கினன் வெளிய இருந்தாகணும். நீங்க இல்லைன்னா யாருன்னு சொல்லுங்க, மாத்திடறேன். இல்லைன்னா அவங்களே போன் பண்ணி ஒத்துக்கட்டும். அதுதான் இன்னும் நல்லது."

முரியலே ஒத்துக்கொள்வாள் என்றுதான் மர்சலி நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். முரியல் அவள் அண்ணன் மகள். மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அண்ணனாக இருக்கலாம், ஆனால் விழுந்தபோதெல்லாம் முட்டிக்கு மருந்து போட்டது அத்தைதான். செவ்வாய் சாயங்காலம் போனது. புதன் காலை போனது. புதன் சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது முரியல் இல்லை, அவளுடைய அப்பன் ஈவன். அணிக்குப் பயிற்சியாளரும் அவன்தான்.

மர்சலி கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்து நீட்டினாள். ஈவன் தட்டைத் தொடாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சுத்தாத, அண்ணே. என்னன்னு சொல்லு."

"கோபப்படாமக் கேளு. நீ இல்லாட்டி வாசல்ல நிக்க இசபெல் இருக்கா. முரியல் இல்லாட்டி கோல் போட ஆளே இல்ல. இந்த வருசம் போட்ட முப்பத்தொரு கோல்ல இருபத்து மூணு அவளுது."

"நான் தடுத்த கோலை எவனாவது எண்ணுனானா?"

"அதுக்கு யாரு கணக்கு வச்சிருக்கா, மர்சலி?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"ஊரைப் பாரு. இந்த ஊர் கோப்பையைக் கண்ணால பார்த்து எத்தனை வருசம் ஆச்சு? நம்ம பேர் போட்ட கோப்பை, நம்ம ஊருக்கே வரல. நீ பெரியவ. விட்டுக் குடு."

நாற்பத்தொரு வயதில் ஒருத்தியைப் பார்த்துப் பெரியவ என்று சொன்னால், உன்னிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறோம் என்று அர்த்தம். மர்சலிக்கு அது தெரியாதா என்ன?

"முரியல் என்ன சொல்றா?"

"அவளுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"கஷ்டமா இருக்குன்னு உன்னைய அனுப்பிச்சாளா?"

ஈவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கொத்துக்கறி ஆறிப்போனது. அவன் போன பிறகு அதை நாய்க்குப் போட்டாள்.

அலுவலகத்துக்குப் போன் செய்து, முரியல் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. பொய்யும் இல்லை. ஆனால் அவளால் முடியவில்லை. தியாகம் ஒன்றும் கிடையாது. அப்படி யாராவது சொல்லியிருந்தால் அவர்களை மட்டையாலேயே அடித்திருப்பாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரக் கூடாது, வர வேண்டிய வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். வீம்பு என்று சொன்னாலும் சரி.

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு மக்கினன் கடைக்குள் நுழைந்தாள். முரியல் கல்லாவுக்குப் பின்னால் நின்று ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் அடுக்கிய ரொட்டியையே மறுபடி எடுத்து அடுக்கினாள்.

"என்னடி, ரெண்டு நாளா வீட்டுப் பக்கமே காணோம்?"

"கடையில வேலை, அத்தை."

"ரொட்டி அவ்வளவு நேரமா எடுக்குது?"

முரியல் தலையைத் தூக்கவில்லை. "நீங்க என் பேரைச் சொன்னா நான் மறுக்க மாட்டேன், அத்தை. சத்தியமா."

இதைத்தான் அவள் பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தாள். திருடியவள், நீங்களே பிடித்துக் கொடுத்தால் ஓட மாட்டேன் என்கிறாள். மர்சலி கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டினாள்.

"மர்சலி மக்கினன் பேசறேன். ஆர்ட்னாகல்."

"சொல்லுங்க. பேர் கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஆள் இங்கயே இருக்கா. அவளே பேசுவா."

கைபேசியைக் கல்லா மேசையில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். முரியல் அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்கூட. அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. ஓய்வுபெற்ற பாதிரியார் உள்ளே வந்து, மழை விட்டுவிட்டது என்று சொல்லி, இரண்டு கிலோ உருளைக்கிழங்கு கேட்டார்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றது கைபேசி.

முரியல் தராசுக்குப் போனாள். ஒரு கிழங்கைப் போட்டாள், எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள். பாதிரியார் கைபேசியையும் மர்சலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன்ல யாரோ கூப்பிடறாங்க போலிருக்கேம்மா," என்றார்.

"ஆமாங்க," என்றாள் முரியல். "கொஞ்சம் இருங்க, சில்லறை தர்றேன்."

"ஹலோ? இன்னும் ரெண்டு நிமிசம்தாங்க இருக்கு," என்றது கைபேசி. அப்புறம் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் லைன் அறுந்தது.

மர்சலி கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கடையை விட்டு வெளியே வந்து, பாலம் வரைக்கும் நடந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுகிறோமே என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை அவள் கயிற்றுக்கு வெளியே நின்றாள். தடை வாங்கியவர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது. இசபெல் ஒரு கோல் விட்டாள். கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் மர்சலி அதைத் தடுத்திருப்பாள். தோற்றுத் தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கம் வரவில்லை. அதுதான் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆனால் ஆர்ட்னாகல் தோற்கவில்லை. கடைசி இருபது நிமிடத்தில் முரியல் இரண்டு கோல் போட்டாள். இரண்டுமே நல்ல கோல்கள். அதைக்கூட இல்லை என்று சொல்ல வழியில்லை.

சாயங்காலம் ஊர் மண்டபத்தில் கோப்பையில் விஸ்கி ஊற்றிக் கைமாற்றிக் குடித்தார்கள். ஈவன் நாற்காலி மேல் ஏறி, "நம்மளக் கரை சேர்த்தது எம். மக்கினன்," என்றான். "எந்த எம். மக்கினன்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்க, "எல்லா எம். மக்கினனும்தான்," என்று அவன் சொல்ல, மண்டபமே சிரித்தது. மொராக் மட்டும் சிரிக்காமல் மர்சலியைத் தேடினாள். மர்சலி அப்போதே வெளியே போயிருந்தாள்.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். வண்டிகளுக்கு நடுவே சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. முரியல் சட்டை கூட மாற்றாமல், முட்டியெல்லாம் சேறாக நின்றாள். கையில் பதக்கப் பெட்டி.

"அத்தை, இது உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"உங்களுக்குத்தான் சேரணும். மனசாரத்தான் தர்றேன்."

"வியாழக்கிழமை உன் மனசு எங்கடி போச்சு?"

"சொல்லியிருந்தா நான் இன்னைக்கு ஆடியிருக்கவே முடியாதே, அத்தை."

"இப்ப யாரு ஆடல?"

முரியல் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே பெட்டியை அவள் கையில் திணித்தாள். பெட்டியின் மேல் சின்னதாகச் சீட்டு ஒட்டியிருந்தது.

"பாருங்க. எம். மக்கினன்னுதான் போட்டிருக்கு. மூணு பெட்டியிலயும் அப்படித்தான். உங்க பேரும் அதுதானே. உங்களுக்கும் பொருந்தும்."

மர்சலி சீட்டைப் படித்தாள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ திட்டுன திட்டும் அப்படித்தாண்டி எனக்குப் பொருந்துச்சு," என்றாள். பெட்டியை முரியலின் கையிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.