பொருத்திய தேதி

காலை பத்து நாற்பதுக்கு அன்புக்கரசி அந்த அட்டையைத் திருப்பினாள்.

திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஓரத்தில் டீ சிந்தியிருந்தது. துடைப்பதற்காகத் தூக்கினாள். பின்பக்கத்திலும் கட்டங்கள் இருந்தன.

ஜனவரியில் முதல் ஹெலிகாப்டரின் அட்டைகள் ஜெராக்ஸாக வந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும். இருநூற்றுப் பத்துத் தாள்கள். ஒவ்வொன்றிலும் பாகத்தின் பெயர், பேட்ச் எண், பொருத்திய தேதி, எத்தனை ஆண்டு ஆயுள். அவளும் கூட வேலை செய்யும் ஆலிஸும் மூன்று வாரம் உட்கார்ந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எந்தப் பாகத்தை எந்த நாளில் கழற்றி மாற்ற வேண்டும் என்பதை அதற்குப் பிறகு மென்பொருளே கணக்கிட்டுச் சொல்லும். நாள் நெருங்கினால் மஞ்சள். தாண்டினால் சிவப்பு. அதுவரை பச்சை.

இப்போது வந்திருப்பது இரண்டாவது ஹெலிகாப்டரின் அட்டைகள். மீனம்பாக்கத்தில் ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கரில் ஜெராக்ஸ் மெஷின் பழுது. அசல் அட்டைகளையே கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அவள் கையில் இருந்தது ஒரு ரப்பர் ஹோஸின் அட்டை. எஞ்சினுக்கு எரிபொருள் போகும் குழாய். முன்பக்கத்தில், பொருத்திய தேதி பிப்ரவரி 2001. ஆயுள் ஆறு ஆண்டு. பின்பக்கத்தில், தயாரித்த தேதி ஏப்ரல் 1997. அதன் கீழே ஒரு சிவப்பு முத்திரை. ஆயுளைத் தயாரித்த தேதியிலிருந்து எண்ணவும்.

இரண்டு முறை படித்தாள். ஸ்டோர் அலமாரியில் சும்மா கிடந்த நான்கு வருடமும் கணக்கில் சேரும். ரப்பர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கிழடாகும்.

அடுத்த அட்டையைத் திருப்பினாள். அதே முத்திரை. அதற்கடுத்தது. அதே முத்திரை.

"இன்னாக்கா, அட்டைல உன் மாமியார் போட்டோவா ஒட்டிக்கீது? இப்டி முழிக்கிற?" என்றாள் ஆலிஸ்.

அன்புக்கரசி திரையில் முதல் ஹெலிகாப்டரைத் திறந்தாள். எரிபொருள் ஹோஸைத் தேடினாள். அதே பேட்ச் எண். ஒரே நாளில் வாங்கி, ஒரே அலமாரியில் வைத்து, இரண்டு ஹெலிகாப்டருக்கும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து மாற்ற வேண்டிய நாள், பிப்ரவரி 2007. பச்சை.

ஏப்ரல் 2003 என்று இருக்க வேண்டும். இது 2003 ஜூலை.

ஜனவரியில் திரையில் வந்த அந்தக் கட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாள் கணக்கு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. தயாரித்த தேதி, பொருத்திய தேதி, கடைசியாகச் சோதித்த தேதி. மூன்றில் ஒன்று. ஜெராக்ஸில் இருந்தது பொருத்திய தேதி மட்டும். ஹேங்கருக்குப் போன் செய்து கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்தாள். அதற்கு முந்தின வாரம் ஏதோ கேட்டதற்கு அங்கிருந்த என்ஜினியர் லோகநாதன் சிரித்திருந்தார். நீ டைப் அடிம்மா, என்ஜினியரிங்கை நாங்க பாத்துக்கறோம். ரிசீவரை வைத்துவிட்டாள். பொருத்திய தேதியைத் தேர்ந்தெடுத்தாள். இதே வகைப் பாகங்கள் அனைத்துக்கும் என்று கீழே இன்னொரு கட்டம் இருந்தது. அதிலும் டிக் போட்டாள். நாற்பத்தாறு ஹோஸ்கள் ஒரே நொடியில் பச்சையாயின. வேலை சீக்கிரம் முடிந்தது என்று அன்றைக்கு ஆலிஸ் கைதட்டினாள்.

இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை ரிக்கில் ஆள் மாற்றும் நாள். பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பும் ஹெலிகாப்டர் பதினொன்றே காலுக்கு நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் இறங்கும். பதினொன்றரைக்கு, இருபத்தெட்டு நாள் வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். இன்று போயிருப்பது அந்த முதல் ஹெலிகாப்டர். ரிக் சமையலறையில் வேலை செய்யும் அவள் புருஷன் பீம்ராவ் அதில் வர வேண்டும்.

அவள் போன் செய்தாள்.

"லோகநாதன் சார், கல்மண்டபத்துலேர்ந்து அன்புக்கரசி."

"சொல்லும்மா. அட்டை வந்துச்சா? பத்திரம். ஒண்ணு தொலைஞ்சாலும் என்னைத் தொங்க விட்டுடுவாங்க."

"மொத ஹெலிகாப்டர் ஹோஸ் எல்லாம் தப்பா ஏத்திட்டேன் சார்."

சொன்னாள். தேதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இங்க பச்சையா காட்டுதேம்மா."

"நான் போட்டதைத்தானே சார் அது காட்டும்?"

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது.

"எத்தனை?"

"நாப்பத்தாறு."

"அந்த ஹெலிகாப்டரோட அசல் அட்டை கையில இல்லாம நான் எதையும் நிறுத்த முடியாது. வேற ஹெலிகாப்டர் அட்டையைக் காட்டினா பைலட் என்னைக் கேப்பான். மேனேஜர் கேப்பாரு."

"அட்டைங்க எங்க சார் கீது?"

"கம்ப்யூட்டர் வந்துடுச்சேன்னு பெட்டியில போட்டு பழைய ஸ்டோர்ல வச்சுட்டோம். பூட்டியிருக்கு. சாவி யார்கிட்டன்னு பாக்கணும். அரை மணி நேரம் குடு."

"பதினொன்றரைக்கு ரிக்கை விட்டுக் கிளம்பிடும் சார்."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்று கத்தினார். பிறகு தணிந்த குரலில், "போனை வை. நான் போறேன்" என்றார்.

ஆலிஸ் எழுந்து நின்றிருந்தாள். "பீமண்ணன் இன்னிக்குத்தானே வர்றாரு?" என்றாள். கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்புக்கரசி படியிறங்கினாள்.

கீழே தேவப்பிரியத்தின் கடை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், கயிறு, சோப்பு அனுப்பும் கடை. ரிக்குக்கும் சாமான் அவருடையதுதான். சமையல் ஆட்களையும் அவரே அனுப்புகிறார். அந்தப் பழக்கத்தில்தான் ஹெலிகாப்டர் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலை அவருக்கு வந்தது. மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தன் புருஷனுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று அன்புக்கரசி கேட்டபோது, மறுபேச்சில்லாமல் ரிக்குக்கு அனுப்பினார்.

அவர் முட்டைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல எண்ணுவதை நிறுத்தினார்.

"கதவச் சாத்து பிள்ள."

சாத்தினாள்.

"வேற யாருட்ட சொன்ன?"

"லோகநாதன் சார்ட்ட."

"அது போதும். இனி அவிய பாடு."

"ஹெலிகாப்டர் போய்க்கினு கீது அண்ணாச்சி. அவரு அதுலதான் வரணும்."

"ஆறு வருசம்னா, ஆறு வருசம் முடிஞ்ச மறுநாளே கிழிஞ்சிருமாக்கும்? எழுதுறவன் கொஞ்சம் கொறச்சித்தான் எழுதியிருப்பான்."

"எவ்ளோ கொறச்சான்னு அட்டைல போடல அண்ணாச்சி."

அவர் அவளைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அன்று திரும்ப வேண்டிய அவருடைய ஆட்களின் பட்டியல். எட்டுப் பெயர்கள். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"சாமான் கேக்க வச்சிருக்க நம்பர் இருக்கு. ரிக்குக்கு நேராப் பேசலாம்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஒன் மாப்பிள்ளைட்ட மட்டும் பேசு. வயித்துவலின்னு படுத்துக்கிடச் சொல்லு. ஹோஸு கீஸுன்னு வாயத் தொறக்காத. அங்க எல்லாவனும் ஏற மாட்டேன்னு நின்னுருவான். நாளைக்கு அட்டை கெடச்சி, ஒண்ணுமில்லன்னு ஆச்சின்னு வையி. நீயும் நானும் தெருவுல நிக்கணும்."

"மத்த ஏழு பேரு அண்ணாச்சி?"

"லோகநாதன் பாத்துக்கிடுவான்."

"பாக்கலன்னா?"

அவர் எண்களை அழுத்தத் தொடங்கினார். இரண்டு முறை தவறாக அழுத்தி மறுபடி தொடங்கினார்.

கடிகாரத்தில் பதினொன்று பதினெட்டு. லோகநாதனிடமிருந்து போன் வந்தால் கூப்பிடச் சொல்லி ஆலிஸை மேலே உட்காரவைத்திருந்தாள். மேலே மணி அடிக்கவில்லை.

ரிக்கில் யாரோ எடுத்தார்கள். தேவப்பிரியம் பெயர் சொன்னார். காத்திருக்கச் சொன்னார்கள். ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்த இரைச்சல் தடதடவென்று அதிரத் தொடங்கியது. ஹெலிகாப்டர் வந்துவிட்டது. பத்திரமாக வந்து இறங்கியிருக்கிறது. ஒரு மூச்சு விட்டாள். அது திரும்பவும் கிளம்ப வேண்டும் என்பது அடுத்த மூச்சுக்குள் நினைவுக்கு வந்தது.

"இன்னாமே, ரிக்குக்கே போன் போட்டுட்ட? வூட்ல எதுனாவா?"

பீம்ராவின் குரல் தாமதமாக வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"வூட்ல ஒண்ணுமில்ல. நீ இன்னிக்கு வராத."

"இன்னாது? பைய முதுகுல மாட்டிக்கினு நிக்கிறேன். லைன்ல கூப்புட்டுக்கினு கீறாங்க."

"வயித்துவலின்னு சொல்லு."

"வயித்துவலியா?" அவன் சிரித்தான். "இங்க சமைக்கிறதே நான்தான்மே. எனக்கே வயித்துவலின்னா மொத்த ரிக்கையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"யோவ், சிரிக்காத. ஏறாத."

"ஏன்னு சொல்லு."

தேவப்பிரியம் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று விரலையும் ஆட்டினார்.

"அதுல எஞ்சினுக்கு எண்ண போற ஹோஸு நாளு முடிஞ்சிருச்சி" என்றாள். "மூணு மாசம் ஆச்சி. கம்ப்யூட்டர்ல தேதிய தப்பா போட்டது நான்தான்."

"நீயா?"

"நான்தான்யா."

தேவப்பிரியத்தின் கை போனை நோக்கி நீண்டது. இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் விரல் நின்றது. அழுத்தவில்லை.

"பைலட்டுக்குத் தெரியுமா?"

"ஹேங்கர்ல என்ஜினியரு அட்டைய தேடிக்கினு கீறாரு. கெடச்சதும் ரேடியோல சொல்லுவாரு."

"அப்ப தெரியாது."

இரைச்சல் ஏறியது. யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ பதில் சொன்னான். மூடிய கைக்குள்ளிருந்து வேறொரு ஆளின் சிரிப்பு கேட்டது.

"எனுக்கு மட்டும்தானே போன் போட்ட?" என்றான் பீம்ராவ்.

"ஆமா."

"நான் ஏறலன்னா என் சீட்டு காலியா போவாது அன்பு. ரொட்டி போடுற அத்தாவுல்லாதான் ஏறுவான். அவனுக்குப் பொண்ணு பொறந்து இருவது நாளாச்சி, இன்னும் மூஞ்சியப் பாக்கல. அடுத்த வாரம்தான் அவன் மொற. மாமு, உன் சீட்ட எனுக்குக் குடு மாமுன்னு காலைலேர்ந்து கெஞ்சிக்கினு கீறான். இதோ, பக்கத்துலதான் நிக்கிறான். நான் ஏறலன்னு புரிஞ்சிக்கினான் போல, பையத் தூக்கிக்கினான்."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் சொல்லு. அவன்கிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"