சத்து மாத்திரை

என் அண்ணன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கடையில் உட்கார்ந்துவிட்டால் தன்னைப் பாதி டாக்டர் என்று நினைப்பு. யார் இருமினாலும் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து, மருந்தின் பெயர்கூடத் தெரியாதபடி காகித உறையில் போட்டு நீட்டுவான். எங்கள் குடும்பமே அந்த உறைகளை நம்பித்தான் வளர்ந்தது.

என் கணவருக்குப் பெருங்குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாக, நோயோடு சண்டை போடும் செல்களை அவர் ரத்தத்திலிருந்தே பிரித்து, ஆய்வகத்தில் பழக்கி, பெருக்கி, திரும்ப ஏற்றினார்கள்.

"இன்னொரு தடவை எடுக்க அவர் உடம்பு தாங்காது. எங்களைக் கேக்காம ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணனிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். "எனக்கேவா பாடம் எடுக்கறே?" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்தபின் அவர் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் உறையோடு வந்தான்.

"வெறும் சத்து மாத்திரை, மாப்பிள்ளை."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றேன்.

"சத்து மாத்திரைக்கெல்லாமா போன் பண்ணுவே? சிரிக்கப் போறாங்க."

மறுநாளே அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்றார். செல்கள் வேலை செய்கின்றன என்று வீடே பூரித்துப்போனது.

அடுத்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் பெரிதாகியிருந்தன. வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். கைப்பையிலிருந்து உறையை எடுத்தேன். டாக்டரம்மா என் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னார்.

அண்ணன் மென்று முழுங்கினான். பிறகு பெயரைச் சொன்னான்.

"அது ஸ்டீராய்டு" என்றார் டாக்டரம்மா. "பசியைக் கிளப்பும். நாங்க ஏத்தின செல்களையும் அடக்கிடும். இதனாலதான் இப்படி ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இல்லைன்னும் சொல்ல முடியாது."

எனக்கு அண்ணனின் கையை வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது. கணவரிடம் எதையும் சொல்லவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அவர் மறுபடியும் சுருண்டு படுத்தார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே வைத்தியம்னு எதுவும் இல்லம்மா. இருக்கிற வரைக்கும் ஏதோ நாலு வாய் சாப்பிடட்டும்" என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பாதுகாக்க வேண்டிய செல்கள்தான் இனி இல்லையே.

எங்கள் தெருவிலேயே இரண்டு மருந்துக்கடைகள் உண்டு. நான் அண்ணனைத்தான் கொண்டுவரச் சொன்னேன்.

இந்த முறை முழு அட்டையாகக் கொண்டுவந்தான். அன்று மாலையே அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அண்ணன் பார்க்க வந்தபோது தலையணையில் சாய்ந்து, ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், இதை நிறுத்தினதாலதான் நான் படுத்துட்டேன். டாக்டருங்க கெடக்கறாங்க. என்னைக் காப்பாத்தினது நீங்கதான்" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கையை உருவிக்கொண்டு எழுந்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"உக்காருண்ணா" என்றேன். "அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போ."