வாசித்துக் காட்டப்பட்டது

விடிவதற்குள் ரயில்வே கேட்டை நான்கு முறை திறந்து மூடியிருந்தாள் சொக்கம்மாள். பழைய தண்டவாளத் துண்டுகளை இணைத்துச் செய்த கேட். இரண்டு ஆள் தள்ள வேண்டியது. பாதத்தைச் சரளையில் ஊன்றித் தோளைக் கொடுத்தால்தான் அசையும். கடற்காற்றில் சங்கிலி ஈரமாக, உப்புப் பூத்து இருந்தது. உள்ளங்கை வெடிப்புகளில் அது படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். உப்பளத்து மாட்டுவண்டிகள் வரிசையில் நின்றன.

"சீக்கிரம் தொறம்மா. மாடு நின்னுகினே தூங்குது" என்றான் முதல் வண்டிக்காரன்.

"மாட்டுக்காவது தூக்கம் வருதே. ரயிலு போவட்டும், இரு."

கேட்டுக்கு ரயில் கம்பெனி தனி ஆள் வைக்கவில்லை. தண்டவாளம் திருப்பும் பாயிண்ட்ஸ்மேனின் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள், அரைச் சம்பளம் போதும் என்று எழுதி வைத்திருந்தது. புருஷன் லட்சுமணன் ஒரு கை கொடுப்பான். இப்போது அவன் கேட்டுக்கு எதிரே கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் படுத்திருந்தான். வலது பாதம் போய் மூன்று வாரம்.

ஓடைப்பாலம் ஸ்டேஷன் ஊருக்காக வந்ததல்ல. இருபது வருஷத்துக்கு முன் எண்ணூரில் படகு விடப் போன துரைமார்கள், வழியில் இறங்கி டீ குடிக்க ஓர் இடம் கேட்டார்கள். கம்பெனி கட்டிக் கொடுத்தது. முதல் வகுப்புக் காத்திருப்பு அறைக்குத் தேக்குக் கதவு, சாய்வு நாற்காலி, பீங்கான் தொட்டி. வருஷத்தில் நான்கு நாள் யாராவது உட்காருவார்கள். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் துடைப்பார்கள். யுத்தம் முடிந்தபின் ஹார்பருக்கும் மில்லுக்கும் பெரம்பூர்ப் பட்டறைக்கும் போகிற கூட்டம் சேர்ந்தது. முந்நூறு பேர் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு கூரை போடக் கம்பெனிக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே எந்த வண்டியும் தாமதமானதில்லை. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அருள்பிரகாசத்துக்குக் கம்பெனி ஒரு பாராட்டுக் கடிதம் தந்திருந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் கடிகாரத்துக்கு மேலே மாட்டியிருந்தார்.

ஒற்றை லைன். எதிர்வண்டிக்கு வழி விட, லீவரைத் தள்ளி ஒரு வண்டியைப் பக்கத்து லைனுக்குத் திருப்ப வேண்டும். திருப்பிய தண்டவாளம் நகராமலிருக்க ஒரு பூட்டு இருந்தது. அது மாஸ்டர் அறையில் ஆணியில் தொங்கியது. நடந்து போய்ப் பூட்டித் திரும்பக் கால் மணி ஆகும். "பூட்டெல்லாம் எதுக்கு? லீவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்பார் அருள்பிரகாசம். எட்டு வருஷம் லட்சுமணன் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வாரத்துக்கு முன் உப்பு ஏற்றிய சரக்கு ரயில் வந்தபோது லீவர் உதைத்தது. ஆள் சாய்ந்தான். பாதத்தின் மேல் சக்கரம் ஏறியது.

அன்றும் உப்பு வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காலை ஒன்பது மணிக்கு விசாரணை. காத்திருப்பு அறையைத் திறந்தார்கள். டிராபிக் இன்ஸ்பெக்டர் பிரிம்லி துரை சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டார். விளக்குக்கார மஜீதும், இன்னொரு பாயிண்ட்ஸ்மேன் தவசிமுத்துவும் லட்சுமணனைத் தூக்கி வந்தார்கள். தரை கறையாகும் என்று உள்ளே விடவில்லை. வாசலில் இறக்கினார்கள். சொக்கம்மாள் பக்கத்தில் நின்றாள்.

துரை கேட்டார். மாஸ்டர் தமிழில் சொன்னார்.

"பூட்டு ஏன் போடலை?"

"நீதானே சார் வோணான்னே" என்றான் லட்சுமணன். "எட்டு வருசமா சொல்லிகினு கீறியே."

மாஸ்டர் துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். லட்சுமணன் சொன்னதைவிட அது மிகச் சின்னதாக இருந்தது.

துரை ஒரு பெரிய நோட்டை விரித்தார். அதில் லட்சுமணனின் பெருவிரல் ரேகை. அதற்கு மேல் அச்சடித்த இரண்டு வரி. அதைப் படித்துக் காட்டச் சொன்னார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விதிகள் யாவும் எனக்கு என் பாஷையில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் புரிந்துகொண்டேன்."

"எப்ப சார் வாசிச்சே?" என்றாள் சொக்கம்மாள்.

"நீ வாயை மூடு. கேட்டுக்காரிக்கு இங்கே என்ன வேலை?"

"எனக்கும் அதே நோட்டுலதானே மை தடவி வாங்கினே. எனக்கும் வாசிக்கல. அதான் கேட்டேன்."

மாஸ்டர் இதை மொழிபெயர்க்கவே இல்லை.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. விதியை மீறியது லட்சுமணன். ஆகவே நஷ்டஈடு கிடையாது. வேலை கிடையாது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொக்கம்மாளின் வேலையும் வீட்டோடு போகும். எழுந்தபோது துரை இன்னொன்றும் சொன்னார். விதிப் புத்தகம் புதிதாக அச்சாகி வந்திருக்கிறது. நாளைக் காலை எல்லோரும் கைநாட்டு வைக்க வேண்டும். வைக்காதவன் டூட்டியில் நிற்கக் கூடாது. அது மூன்றாம் விதி. மாஸ்டர் இதை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார்.

பிற்பகலில் விளக்கறையில் கூடினார்கள். மஜீது கத்தரிக்கோலால் திரி வெட்டிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் நெடி. போர்ட்டர்கள் இரண்டு பேரும் வாசலில் குந்தியிருந்தார்கள்.

"வச்சிட்டுப் பூடலாம்க்கா" என்றான் தவசிமுத்து. "பெருவெரலு இன்னா தேஞ்சா பூடும்?"

"என் வூட்டுக்காரரும் வச்சாரு. பெருவெரலு தேயல. காலு பூட்ச்சி."



"வைக்கலன்னா?" என்றார் மஜீது.

"டூட்டில நிக்கக் கூடாதாம். தொரையே சொல்லிட்டாரு. தொர பேச்சத் தட்டலாமா? நிக்காம இருப்போம்."

ஒரு போர்ட்டர் சிரித்துவிட்டான். தவசிமுத்து சிரிக்கவில்லை.

"உனுக்கு எல்லாம் போன கடுப்புக்கா. எங்களுக்கு வேல கீதே. பேஜாராப் பூடும்."

"கீது தவசி. நாளைக்கு அந்த லீவரு உன் கையில கீது. அது ஆளப் பார்த்தா ஒதைக்குது?"

தவசிமுத்து தன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். அன்று காலையும் அவன் பூட்டில்லாமல்தான் நின்றிருந்தான்.

"வைக்க மாட்டேன்னு சொல்ல வோணாம்" என்றாள் சொக்கம்மாள். "வைக்கிறோம். வாசிச்சுக் காட்டட்டும். அதானே அங்க எழுதிக் கீது."

"முழுசுமா?"

"அட்டைலேர்ந்து."

மஜீது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்துத் தவசிமுத்துவும் தலையசைத்தான்.

மறுநாள் காலை மாஸ்டர் மேஜையைப் பிளாட்பாரத்தில் போட்டார். நோட்டு, மைப்பெட்டி, புதுப் புத்தகம். ஐந்து பேரும் எதிரே நின்றார்கள். சொக்கம்மாள் கேட்டைப் பாதைக்குக் குறுக்கே மூடிப் பூட்டிச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"விரலை நீட்டு."

"வாசி சார்."

"எதை?"

"அந்தப் பொஸ்தகத்த. எங்க பாஷையில."

அருள்பிரகாசம் சிரித்தார். "இருநூத்தி நாப்பது பக்கம்டி."

"நாங்க எங்க போவப் போறோம்? குந்திக்கறோம்." குந்தினாள். மற்றவர்களும் குந்தினார்கள்.

"மஜீது, உனக்கு வயசாச்சு, நீயுமா? போ, விளக்கை எடு."

"கைநாட்டு வைக்காத நான் வெளக்கத் தொடலாமா சார்? மூணாம் விதியாச்சே."

உள்ளே மணி அடித்தது. எண்ணூரிலிருந்து தொழிலாளர் வண்டி கிளம்பிவிட்டது. எதிரே பட்டணத்திலிருந்து சரக்கு வண்டியும் வந்துகொண்டிருந்தது. ஒன்றைத் திருப்பாமல் மற்றது போக முடியாது. மாஸ்டர் கத்தினார். எல்லோர் பேரையும் துரைக்கு எழுதி அனுப்புவேன் என்றார். பிறகு "தவசி, ராஜா, இன்னைக்கு ஒரு நாள்" என்றார். தவசிமுத்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை மாஸ்டரே பூட்டை எடுத்துக்கொண்டு லீவரை நோக்கி ஓடினார். பாதி வழியில் நின்றார். பூட்டை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. பூட்டாமல் பிடித்துக்கொண்டு நிற்கவும் மனம் வரவில்லை; அவருக்குக் கால்மேல் ஆசை இருந்தது. திரும்பி வந்தார்.

தொழிலாளர் வண்டி, இறங்காத கைகாட்டிக்கு அப்பால் நின்று ஊதியது. தெற்கே சரக்கு வண்டியும் நின்றது. அருள்பிரகாசம் புத்தகத்தைத் திறந்தார்.

முதல் விதி. இரண்டாம் விதி. இங்கிலீஷைத் தமிழாக்க வியர்த்தார். "கேட்டோம், அடுத்தது" என்றாள் சொக்கம்மாள் ஒவ்வொன்றுக்கும். பிளாட்பாரத்தில் நின்ற கூட்டம் நெருங்கி வந்தது. சூரியன் பனைக்கு மேல் ஏறியது. ஓரிடத்தில் மாஸ்டரின் குரல் நின்றது. தாளைப் புரட்டினார்.

"ரெண்டு தாளு ஒண்ணாத் திரும்பிச்சி சார்" என்றார் மஜீது.

மாஸ்டர் ஒரு தாளைப் பின்னால் தள்ளினார். முணுமுணுத்தார்.

"ஒரக்கப் படி சார். வூட்ல ஒருத்தர் படுத்துகினு கீறாரு. அவருக்கும் கேக்கணும்."

"தண்டவாளத்தைப் பூட்டிய சாவி... தன் கைக்கு வந்து சேரும்வரை... வண்டி வரலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கைகாட்டியை இறக்கக் கூடாது. இறக்கினால்... அதன் பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டரையே சேரும்."

கூட்டத்தில் யாரோ சீட்டியடித்தான். சொக்கம்மாள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா படி" என்றாள்.

அவர் படித்தார்.

அதற்குள் நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தோடு நடந்து வந்திருந்தார்கள். கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. பட்டறைக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

"இன்னா மாமு, வண்டி இன்னாத்துக்கு நிக்குது?" என்றான் ஒருவன்.

"விதி படிக்கிறாங்க நைனா" என்றான் தவசிமுத்து. நடந்ததைச் சொன்னான். பட்டறைக்காரன் கேட்டுக்கொண்டே நின்றான். அவனுடைய இடது கையில் இரண்டு விரல் குறைவு.

"எங்ககிட்டயும் வாங்கினானுங்க. மிஷினு விதின்னு. ஒரு வரி சொல்லல" என்றான். சரளையில் துண்டை விரித்து உட்கார்ந்தான். பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

தெற்கே, நின்ற சரக்கு வண்டிக்கு இப்பால், தண்டவாளத்தின் மேல் ஒரு டிராலி தெரிந்தது. அதில் துரையின் தொப்பி. மாஸ்டர் அதைப் பார்த்து எழுந்தார். வேறு யாரும் எழவில்லை.

சொக்கம்மாள் மேஜைக்குப் போய்ப் புத்தகத்தை முதல் பக்கத்துக்குப் புரட்டி வைத்தாள்.

"குந்து சார்" என்றாள். "புதுசா வந்தவங்க கீறாங்க. மொதல்லேர்ந்து படி."